மூன்றாவது பெஞ்சில் நடந்தது

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை, பாளையம்பட்டி இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆறாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். பள்ளியின் தாளாளர் சங்கர், தலைமையாசிரியை பிரவீணா, வேன் ஓட்டும் சீனிச்சாமி, ஆயா முத்துப்பேச்சி, ஆசிரியை வேலைக்காகப் பாடம் நடத்திக் காட்ட வந்திருந்த ரேணுகாதேவி, அவளுடைய மாமனார் பால்சாமி. ஏழாவதாகத் தானும் ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்ததாக ஒருவர் சொல்லிக்கொண்டு திரிகிறார். அன்று வெயிலுக்காக ஜன்னல்கள் நான்கும் சாத்தியிருந்தன. ஆட்களின் பெயரை முதலிலேயே எழுதி வைப்பதற்குக் காரணம், அங்கே இல்லாதவர்கள்தான் பிற்பாடு அதிகம் பேசினார்கள் என்பதுதான்.

பால்சாமிக்குத் திருச்சுழிக்குத் தெற்கே நாற்பது ஏக்கர் புஞ்சை. வயது எழுபத்திரண்டு. நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகு சாய்ப்பில் படாது. அவருடைய வீட்டில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. இதில் பகை ஒன்றும் கிடையாது, மரியாதைதான். அவருடைய அப்பா, தன் மருமகளிடம், அதாவது பால்சாமியின் மனைவி பெத்தம்மாளிடம், இருபத்தாறு வருடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. சாகிற அன்றைக்கும் கட்டில் காலைப் பார்த்துத்தான் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தது.

ரேணுகாதேவி வந்த பதினோரு வருடமாகப் பால்சாமியும் அப்படியே நடந்துகொண்டார். பெத்தம்மாள் பக்கத்தில் இருந்தால் அவள் வழியாகப் பேசுவார், இல்லாவிட்டால் கதவு வழியாக. "சொம்பு காலியா இருக்கு" என்று கதவிடம் சொல்வார். சொம்பு நிறையும். "மேகம் கறுக்குது, மல்லி முத்தத்துல காயுது" என்று கன்றுக்குட்டியிடம் சொல்வார். மல்லி வீட்டுக்குள் போய்விடும். அவளும் அப்படித்தான். "ஈ.பி. ஆளு வந்துட்டுப் போனாரு" என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வாள். இதனால் அந்த வீட்டில் எந்த வேலையும் நின்றுபோனதில்லை.

அந்த வீட்டில் யாரும் வேலை கேட்டு ஒரு படி ஏறியதில்லை. வேலை கொடுத்துத்தான் பழக்கம். அப்படியிருக்க, மருமகளைப் பாடம் நடத்திக் காட்ட அனுப்பியது கரையான்தான். ரேணுகாதேவி பி.ஏ. இங்கிலீஷ், பி.எட். முடித்தவள். அந்தச் சான்றிதழ்களைக் கல்யாணத்தன்று தகரப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தாள். பெட்டி உள்ளறைச் சுவரோரம் இருந்தது. போன தை மாதம் விதை மிளகாய் எடுக்கப் பெட்டியை நகர்த்தியபோது அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது; உள்ளே பி.எட். சான்றிதழின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. பெயரும் மதிப்பெண்ணும் தப்பியிருந்தன. பல்கலைக்கழக முத்திரை பாதிதான் மிச்சம்.

பால்சாமி அந்தத் தாளைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பெண் தகப்பன் வீட்டிலிருந்து சேதாரமில்லாமல் கொண்டுவந்த பொருள் தன் வீட்டுச் சுவரில் கெட்டுப்போயிருக்கிறது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"மிச்சத்தையும் கரையான் திங்கறதுக்குள்ள இந்தப் படிப்பு வெளிய போகணும்" என்று பெட்டியிடம் சொன்னார்.

ரேணுகாதேவி மறுநாளே விண்ணப்பம் எழுதினாள்.

பாடம் நடத்தும் நாளன்று மகன் மாரிக்கண்ணன் பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போயிருந்தான். பெத்தம்மாளுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வீட்டுப் பெண்ணைத் தனியாக அனுப்பப் பால்சாமிக்கு மனமில்லை. இருவரும் கிளம்பினார்கள், அவர் முன்னால், அவள் பத்தடி பின்னால். அருப்புக்கோட்டையில் டவுன் பஸ் மாறியபோது கண்டக்டரிடம் "ரெண்டு பாளையம்பட்டி, பின்னால வாரவுகளுக்கும் சேத்து" என்றார்.

"பொம்பளையாளுகளுக்கு டிக்கெட்டு இல்ல, பெரியவரே. ஃப்ரீ."

"எங்க வீட்டுல யாரும் ஓசியில போறதில்ல."

"அரசாங்கம் குடுக்குது, நான் என்ன செய்ய? இறங்கும்போது முதலமைச்சருகிட்ட குடுங்க."

பால்சாமி ஒரு டிக்கெட்டை வாங்கி, நான்காக மடித்து, பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் அவர் வேப்பமரத்தடியில் காத்திருப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் தாளாளர் சங்கர் அவரை அறிவார். சங்கரின் குடும்பத்துக்கு அருப்புக்கோட்டையில் வத்தல் கமிஷன் கடை. முப்பது வருடமாகப் பால்சாமியின் மிளகாய் வத்தல் அந்தக் கடையில்தான் இறங்குகிறது.

"ஐயா, இந்த வெயில்ல மரத்தடியில நிக்கிறதா? எங்கப்பா கேள்விப்பட்டா என்னைய உரிச்சுப்புடுவாரு. உள்ள வாங்க. லீவுல பிள்ளைகளும் இல்ல. பாடம் கேக்க ஆளு வேணும்ல?"

"நான் எட்டாங்கிளாசுக்கு மேல தாண்டல, தம்பி."

"இது ஆறாங்கிளாஸ் பாடந்தான்."

மறுக்க வழியில்லாமல் பால்சாமி உள்ளே போனார். முதல் பெஞ்சில் சங்கர் உட்கார்ந்தார். இரண்டாவதில் சீனிச்சாமியும் முத்துப்பேச்சியும். மூன்றாவதில் பால்சாமி தனியாக. பதினோரு வயதுப் பிள்ளைக்காகச் செய்த பெஞ்சு அது. முழங்கால் இரண்டும் மேசைப் பலகையில் இடித்தன. அவர் முதுகை வளைக்கவில்லை.

முத்துப்பேச்சி திரும்பி அவரிடம் மெதுவாகச் சொன்னாள். "காலையில காரியாபட்டிப் பிள்ளை ஒண்ணு நடத்துச்சு, பெரியவரே. கலர் கலரா அட்டையெல்லாம் ஒட்டி. ஆனா என்னைய மட்டும் ஒண்ணுமே கேக்கல. ஆயாதானேன்னு விட்டுருச்சு. பெரிய டீச்சருக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு."

பெரிய டீச்சர் பிரவீணா ஒரு ஓரமாக நாற்காலி போட்டு, மடியில் மதிப்பெண் தாளுடன் உட்கார்ந்திருந்தார். "ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். பாடம் முடியிறதுக்குள்ள ஒவ்வொரு பிள்ளைகிட்டயும், முகத்தைப் பாத்து, ஒரு கேள்வியாவது கேட்டிருக்கணும். ஒரு பிள்ளையை விட்டாலும் அந்தக் கட்டத்துல பூஜ்யம். காலையில வந்தவங்களுக்கும் இதான். ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் இடம்."

ரேணுகாதேவி தலையாட்டினாள். மூன்றாவது பெஞ்சின் பக்கம் மட்டும் அவள் பார்வை போகவில்லை. பால்சாமியும் சுவரில் தொங்கிய காய்கறிப் படத்தில் சுரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாடம், வாக்கிய வகைகள். அவள் கரும்பலகையில் நான்கு வாக்கியம் எழுதி, ஒவ்வொன்றாகப் படித்தாள். "தி டோர் இஸ் ஓபன். இது செய்தி வாக்கியம். இஸ் தி டோர் ஓபன்? இது வினா. ஓபன் தி டோர். இது கட்டளை. வாட் எ டோர்! இது உணர்ச்சி வாக்கியம்."

"கதவைப் பாத்து எவன் ஆச்சரியப்படுவான்?" என்றார் சீனிச்சாமி.

"செட்டிநாட்டுப் பக்கம் போய்ப் பாரு, படுவே" என்றாள் முத்துப்பேச்சி.

சங்கர் கையை உயர்த்தினார். "டீச்சர், தப்பா நினைக்காதீக. புத்தகத்துல இருக்கிறது இது. காலையில வந்த பொண்ணும் இதே கதவைத்தான் திறந்துச்சு. நம்ம பிள்ளைக ஊருக்காட்டுப் பிள்ளைக. அதுகளுக்கு ஏறுற மாதிரி சொல்லுங்க."

ரேணுகாதேவி சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினாள். குரல் மாறியிருந்தது.

"ஒரு வீடு இருக்குன்னு வச்சுக்குவோம். அந்த வீட்டுல ஒரு பெரியவர். அவருக்குத் தண்ணி வேணும். 'தண்ணி கொண்டா'ன்னு சொல்லமாட்டாரு. 'சொம்பு காலியா இருக்கு'ன்னு சொல்லுவாரு. இது என்ன வாக்கியம்?"

"செய்தி" என்றார் சீனிச்சாமி.

"உருவம் செய்தி. ஆனா அது செய்யிற வேலை என்ன?"

"தண்ணியக் கொண்டாங்குற வேலை" என்றாள் முத்துப்பேச்சி. "எங்க மாமனாரு இப்படித்தான். 'வெத்தலை வாடிப்போச்சு'ம்பாரு. வாடுன வெத்தலைய நான் என்ன தாலாட்டவா செய்யிறது? புதுசு வாங்கிட்டு வரணும்."

சங்கர் சத்தமாகச் சிரித்தார். ரேணுகாதேவி கரும்பலகையில் எழுதினாள். தி பாட் இஸ் எம்ப்டி.

"அதே பெரியவர் சாப்பிட உக்காருறாரு. குழம்பை ஒரு வாய் வைக்கிறாரு. 'இந்த வீட்டுல உப்பு விலை ஏறிப்போச்சா?'ங்குறாரு. இது வினா வாக்கியம். ஆனா அவருக்குப் பதில் வேணுமா?"

"பதில் சொன்னா அன்னைக்குத் தொலைஞ்சோம்" என்றார் சீனிச்சாமி.

"அதான். பதில் எதிர்பாக்காத கேள்வி. பெரிய பெரிய பேச்சாளர்கள் மேடையில இதைத்தான் கேப்பாங்க. கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சுப் பதில் சொல்லிட்டா பேச்சே போச்சு."

பால்சாமி சுரைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் சொன்ன இரண்டும் தன்னுடைய வாக்கியங்கள் என்பது அவருக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. உப்பைப் பற்றிக் கேட்டது போன செவ்வாய்க்கிழமை. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. பெயரும் சொல்லவில்லை, என் வீடு என்றும் சொல்லவில்லை. ஒரு வீடு என்று மட்டும் சொல்கிறாள். இதில் குற்றம் பிடிக்க இடமில்லை என்பதே அவருக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

"அப்ப அந்தப் பெரியவரு கட்டளையே போடமாட்டாரா, டீச்சர்?" என்று கேட்டார் சங்கர்.

"போடமாட்டாக. பதினோரு வருசத்துல ஒண்ணு கூடப் போட்டதில்ல" என்றாள் ரேணுகாதேவி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சங்கரும் சீனிச்சாமியும் முத்துப்பேச்சியும் மெல்லத் திரும்பி மூன்றாவது பெஞ்சைப் பார்த்தார்கள். பால்சாமி சுரைக்காயை விட்டுப் பாகற்காய்க்கு மாறினார்.

பிரவீணா கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் ஆகுது. பயிற்சிக்கு வாங்க."

நான்கு பிள்ளைகள், நான்கு வகை. ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். ரேணுகாதேவி சீனிச்சாமியின் முகத்தைப் பார்த்துச் செய்தி வாக்கியம் கேட்டாள். அவர் எழுந்து, "தி வேன் இஸ் லேட்" என்றார். "உனக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்றார் சங்கர். முத்துப்பேச்சியிடம் வினா கேட்டாள். "டீ போடவா?" என்றாள் முத்துப்பேச்சி. "ஷால் ஐ மேக் டீ? சரியான கேள்வி" என்றாள் ரேணுகாதேவி. முத்துப்பேச்சி உட்காரும்போது புடவைத் தலைப்பை இழுத்துவிட்டு, பிரவீணாவை ஒரு பார்வை பார்த்தாள். உணர்ச்சி வாக்கியம் சங்கருக்கு. அவர் "வாட் எ ரேட்!" என்றார். வத்தல் விலையை நினைத்துச் சொன்னதாக விளக்கமும் கொடுத்தார்.

மிச்சமிருந்தது கட்டளை வாக்கியம். மிச்சமிருந்த பிள்ளை பால்சாமி.

ரேணுகாதேவி கதவின் பக்கம் திரும்பினாள். "மூணாவது பெஞ்சுல இருக்கவுக ஒரு கட்டளை வாக்கியம் சொன்னா நல்லா இருக்கும்" என்றாள்.

"டீச்சர்" என்றார் பிரவீணா. "கதவைக் கேக்கக்கூடாது. பிள்ளையைக் கேக்கணும். முகத்தைப் பாத்து."

அவள் கதவைப் பார்த்தபடியே நின்றாள். பிரவீணா பேனா மூடியைக் கழற்றி, மதிப்பெண் தாளின் அந்தக் கட்டத்தின் மேல் முனையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். சங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரவீணா அவரை ஒரு பார்வையில் அடக்கினார்.

மருமகள் கேட்கமாட்டாள் என்பது பால்சாமிக்குத் தெரியும். கேட்கக்கூடாது என்றுதான் அந்த வீடு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நன்றாகவும் கற்றுக்கொண்டிருக்கிறாள். வேலை போனாலும் போகட்டும் என்று நிற்கிறாள். அதில் அவருக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பேனா முனையைப் பார்க்கப் பார்க்க, சான்றிதழின் அரித்த மூலை கண்ணில் வந்து நின்றது. முத்திரையை இவர்கள் வீட்டுக் கரையான் தின்றது, வேலையை இவர்கள் வீட்டு வழக்கம் தின்றது என்று சம்பந்தி வீட்டில் ஒருநாள் பேசுவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். பொய்ப் பேச்சை அவரால் தாங்க முடியும்.

பால்சாமி மேசைப் பலகையில் கை ஊன்றி எழுந்தார். கலெக்டர் வந்தபோதும் எழுந்திருக்காத மனிதர் அவர். கலெக்டர் வயதில் சின்னவர் என்பது காரணம். பெஞ்சை விட்டு வெளியே வந்து, பக்கத்தில் தரையில், கைகளைத் தொங்கவிட்டு நின்றார். பதில் சொல்கிற பிள்ளை எழுந்து நிற்க வேண்டும் என்பது எட்டாம் வகுப்புவரை படித்தவருக்குத் தெரியாதா?

பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்தார். அவள் இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஏத்தா, எல்லாரையும் கேட்டுட்டு என்னைய மட்டும் விட்டா எப்படி? நம்ம வீட்டு ஆளு ஒருத்தரை விட்டுருச்சுன்னு பேரு வேண்டாம். என்னையும் கேளு."

ரேணுகாதேவி திரும்பினாள்.

"மாமா" என்றாள். அந்தச் சொல்லை அவரிடமே சொல்வதும் அதுதான் முதல் தடவை. "ஒரு கட்டளை வாக்கியம் சொல்லுங்க."

பால்சாமிக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு கட்டளைதான் தெரியும். திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் அதிகம் சொல்லப்பட்டது அதுதான். அறுபது வருடம் கழித்தும் அது பிசிறில்லாமல் வந்தது.

"ஸ்டாண்ட் அப் ஆன் தி பெஞ்ச்!"

குரல் அந்தக் காலத்து வாத்தியாருடைய குரலாகவே இருந்தது. சீனிச்சாமி பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டார். ஏறிய பிறகு, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் மின்விசிறிக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏலே, இறங்குடா. விசிறி தலையச் சீவிரப்போகுது" என்றார் சங்கர்.

"சரியான கட்டளை" என்றாள் ரேணுகாதேவி. அவள் வேலையை விடவில்லை. "பாருங்க, சொன்ன உடனே ஒருத்தர் ஏறிட்டாரு. கட்டளை வாக்கியத்துக்கு 'நீ'ங்குற சொல்லு வேண்டியதில்ல. கேக்குறவன் அது தனக்குத்தான்னு நினைச்சுக்குவான். உக்காருங்க, மாமா."

பால்சாமி உட்கார்ந்தார்.

பிரவீணா தாளில் ஏதோ எழுதி, பேனாவை மூடினார்.

கால் மணி நேரம் கழித்து, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று வேலையில் சேரலாம் என்று சங்கர் சொன்னார். "நாலு பேரையும் கேட்ட டீச்சர் இவங்கதான்" என்று மட்டும் சொன்னார் பிரவீணா. முத்துப்பேச்சி உண்மையிலேயே டீ போட்டுக் கொண்டுவந்தாள். பால்சாமி குடித்தார். சர்க்கரை கூடுதல்தான். அதைப் பற்றி அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் முன்னால், அவள் நான்கு இருக்கை தள்ளிப் பின்னால். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெத்தம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே "என்னாச்சு?" என்று கேட்டாள். பால்சாமி அவளிடம், "எட்டேகாலுக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. காலையில அடுப்பை நேரத்தோட பத்த வைக்கணும்" என்றார். பெத்தம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

நான்காம் நாள் பால்சாமியின் தம்பி மகன் காளீஸ்வரன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். உட்காரச் சொல்லும் முன்பே ஆரம்பித்தான்.

"பெரியப்பா, நரிக்குடி டீக்கடையில காது குடுத்துக் கேக்க முடியல. மருமக மாமனாரைப் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சுச்சாம். அரை மணி நேரமாம். ஒருத்தன் முட்டி போடச் சொன்னுச்சுங்குறான்."

"யாரு சொன்னா?"

"ஜன்னல் வழியாப் பாத்தவன் இருக்கானாம்."

"ஜன்னல் சாத்தியிருந்துச்சு."

"ஊரு அதையா கேக்குது? ஆடியில கோயில்ல முதல் மாலை உங்களுக்குப் போடலாமா வேண்டாமான்னு பங்காளிக யோசிக்கிறாக, பெரியப்பா. அந்த வேலை வேண்டாம்னு அண்ணியை நிப்பாட்டிருங்க. பேச்சு தன்னால அமுங்கிரும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பால்சாமி அதைக் கவனித்தார். முதல் மாலை அவருடைய தாத்தா காலத்திலிருந்து இந்த வீட்டுக்கு வருவது. ஒரு வருடம் வராமல் போனால் என்ன ஆகும் என்று அவர் யோசித்துப் பார்த்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"மாலையை அவுக இஷ்டப்பட்ட ஆளுக்குப் போடட்டும். எங்க வீட்டு டீச்சர் பத்தாம் தேதி எட்டேகால் பஸ்ஸுக்குப் போகும். நீ போயி டீக்கடையில நான் சொன்னேன்னு சொல்லு. என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லணும். ஒண்ணு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"சரி பெரியப்பா. என்னதான் நடந்துச்சு?"

பால்சாமி நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். காளீஸ்வரன் கேட்டு முடித்தபோது அவன் முகம் சிரிக்கவா வேண்டாமா என்று தவித்தது. பெரியப்பா முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தது.

பால்சாமி கதவின் பக்கம் திரும்பினார். "காளீஸ்வரன் வெயில்ல வந்திருக்கான்" என்றார்.

மோர் வந்தது.

டீக்கடையில் அவன் சொன்னது இதுதான். இன்றுவரை மாற்றிப் பேசுகிறவர்களுக்கும் இதுதான். பால்சாமி பெஞ்சின் மேல் ஏறவில்லை. ஏறியவர் வேன் டிரைவர் சீனிச்சாமி, அவரையும் யாரும் ஏறச் சொல்லவில்லை. பால்சாமி பெஞ்சுக்குப் பக்கத்தில், தரையில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நின்றார். முட்டி போடவில்லை. எழுந்தது அவராக எழுந்தது. உட்கார்ந்தது மட்டும் மருமகள் சொல்லி.